வட்டு செத்ததா, வாயில் அடைத்ததா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

விஞ்ஞான மாணவர்கள் என்று நம்மை நாமே அழைத்துக் கொள்கிறோம். எத்தனையோ பரிசோதனைகள் செய்கிறோம். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, அட்டவணை போட்டு, ஆசிரியரின் கையொப்பமும் பெற்று விடுகிறோம். ஆனால் ஒன்றை நண்பர்கள் கவனித்ததுண்டா? நம் ஆய்வுக்கூடத்தில் எந்தப் பரிசோதனையும் பாதியில் நிற்பதில்லை. கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை என்றால், "சார், முள் அசையல சார்" என்று குரல் கொடுக்கிறோம். உடனே வேறொரு கால்வனாமீட்டர் மேசைக்கு வந்து சேர்கிறது. அசையாத முள் ஏன் அசையவில்லை என்று கேட்க நமக்கு நேரமில்லை. மணி அடிப்பதற்குள் விடை வந்தாக வேண்டும். அந்த விடையோ சென்ற ஆண்டு மாணவரின் நோட்டில் முன்பே இருக்கிறது!

ஓடாத ஒன்றை, அது எங்கே நின்றது என்று வரிசையாகத் தேடிக் கண்டுபிடிப்பது விஞ்ஞானத்தில் சரிபாதி. அந்தப் பாதியை நமக்கு யாரும் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை என்பதே என் கருத்து. இதை வீட்டுக் கணிப்பொறி ஒன்றை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். திடீரென்று ஒரு நாள் தன் ஹார்டு டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் விழிக்கும் கணிப்பொறி அது.

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன் கையெழுத்துப் போடத் தெரிந்தவரே அபூர்வமாயிருந்த வீடுகளிலும் கணிப்பொறி நுழைந்தது அதனால்தான் என்றால் மிகையாகாது. வல்லத்தில் எங்கள் தெருவுக்கும் அப்படித்தான் வந்தது. என் அக்கா பிளஸ் டூ படித்தபோது பெற்ற மடிக்கணினிதான் எங்கள் வீட்டின் முதல் கணிப்பொறி. அது தேய்ந்து ஓய்ந்தபின், மல்லாட்டை விற்ற பணத்தில் செஞ்சியில் ஒரு பழைய மேசைக் கணிப்பொறி வாங்கினார் அப்பா. கணிப்பொறி வந்தது சரி, அது நின்று போனால் யாரைக் கேட்பது? படித்த குடும்பங்களில் அதற்கொரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். எங்களைப் போன்ற வீடுகளில் பி.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைதான் பொறியாளர், வழக்கறிஞர், பாதி வைத்தியர் எல்லாம்!

ஹார்டு டிஸ்க் என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வட்டுச் சேமிப்புப் பெட்டியைக் கொண்டு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அவ்வளவு பெரிய இரும்புக் கூட்டுக்குள் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் 500 ஜி.பி. வட்டு அதைப் போல் ஒரு இலட்சம் மடங்கு கொள்கிறது. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, படிக்கும் முனை அதன்மேல் தொடாமல் மிதக்கிறது. அந்த இடைவெளி ஒரு மயிரிழையின் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு தூசு போதும், கதை முடிந்தது. ஆகையால் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்க்கிறேன் என்று எந்த நண்பரும் கிளம்பிவிட வேண்டாம்.

வட்டு இவ்வளவு மென்மையானது என்பதாலேயே, திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தவுடன் எல்லோரும் வட்டு செத்தது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த வாசகத்தின் பொருளோ, 'துவக்குவதற்குரிய வட்டு எதுவும் எனக்கு எட்டவில்லை' என்பது மட்டுமே. எட்டவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா?

நம் ராஜகிரியின் மேல் ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று கிடக்கிறது. அதைக் கடக்க ஒரே பாலந்தான். அந்நாளில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. அதனால் உச்சியிலிருந்த களஞ்சியத்தில் நெல் இல்லை என்றாகிவிடுமா? கீழே நிற்பவனுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். கணிப்பொறிக்கும் வட்டுக்கும் நடுவே இப்படிப்பட்ட பாலங்கள் பல உண்டு. மின்சாரம் வரும் வயர் ஒன்று. செய்தி போகும் சாட்டா கேபிள் ஒன்று. மதர்போர்டில் கேபிளைச் செருகும் இடம். பயாஸ் அமைப்பு. இவற்றுக்கெல்லாம் அப்பால் விண்டோஸ். எந்தப் பாலம் விழுந்தாலும் திரையில் வரும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கணிப்பொறி இப்படி நின்றது. அதில் இரண்டு வட்டுகள். விண்டோஸ் இருக்கும் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று, மற்றதெல்லாம் இருக்கும் 500 ஜி.பி. வட்டு ஒன்று. மற்றதெல்லாம் என்றால், அக்கா கல்யாணப் படங்கள், நிலத்துப் பட்டாவின் நகல், என் ரெக்கார்டு வேலை, அப்புறம் எங்கள் ஆயாவின் குரல். ஆயா நடவுப் பாட்டு நன்றாகப் பாடும். கண்ணை மூடுவதற்கு முந்தைய ஆண்டு அக்கா அதைப் பதிவு செய்து வைத்திருந்தாள். சான்றிதழ் தொலைந்தால் டிஜிலாக்கர் இருக்கிறது, பட்டா தொலைந்தால் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. ஆயாவின் குரலுக்கு எந்த ஆபீஸில் நகல் வாங்குவது?

அப்பா பெட்டியைச் சைக்கிளில் கட்டி ஒரு கடைக்குக் கொண்டு போனார். "ரெண்டு டிஸ்கும் பூடுச்சுண்ணே. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தணும், நாலாயிரத்துக்கு மேல ஆவும். உள்ள இருந்தது வராது" என்றார் கடைக்காரர். அப்பா பெட்டியைத் திரும்பக் கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். "பெரிய படிப்புப் படிக்கிறியே, இன்னான்னு பாரு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் சொன்னார்.

கடைக்காரர் சொன்னதில் எனக்கு இடித்த சொல் 'ரெண்டும்' என்பது. ஒரு வட்டு பழுதாவது இயற்கை. வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு வயது, ஒன்று சுழலும் தட்டு, மற்றது சுழலவே சுழலாத மின்சில்லு. இவை இரண்டும் ஒரே மாலையில் தனித்தனிக் காரணத்தால் சாகுமா? நிகழ்தகவுக் கணக்கில், ஒன்றையொன்று சாராத இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நேர்வதற்கான வாய்ப்பு, இரண்டு சிறு பின்னங்களின் பெருக்கல் என்று படித்திருக்கிறோம். அதைக் காட்டிலும் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கவே வாய்ப்பு அதிகம். இடி மின்னலில் மின்னழுத்தம் ஏறி இரண்டும் சேர்ந்து போவதும் உண்டு. ஆகவே இதை விதியென்று சொல்லவில்லை. எதை முதலில் தேடுவது என்பதற்கு இது ஒரு வழி.

பெட்டியை இயக்கியதும் விசிறி சுற்றியது, திரை எரிந்தது. பயாஸுக்குள் போனேன். தேதியும் மணியும் சரியாயிருந்தன. அப்படியானால் மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் நலமாக இருக்கிறது. அது தீர்ந்து போனால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்கு ஓடிவிடும், அமைப்புகள் கலைந்துவிடும், நல்ல வட்டிலிருந்துகூட விண்டோஸ் துவங்காமல் போகலாம். (சிறு காசுக்குக் கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்றாமல் பெட்டியையே மாற்றியவர்களும் உண்டு.) வட்டுகளின் பட்டியலில் இரண்டு இடமும் காலி. இது முக்கியமான தடயம். பயாஸுக்கே தெரியாத வட்டை விண்டோஸ் எப்படி அறியும்? இந்த நிலையில் விண்டோஸை எத்தனை முறை ஏற்றினாலும் பயனில்லை, ஏற்றவும் இடமிராது. மாறாக, பயாஸில் பெயர் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மேலடுக்கில். அப்போது "பார்மட் செய்யவா?" என்று திரை கேட்கும். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் அதற்குச் சரி என்று சொல்லவே கூடாது.

அடுத்து, பெரிய வட்டின் மேல் விரல் நுனியை வைத்தேன். சுழலும் வட்டில் மெல்லிய அதிர்வு இருக்கும். இதில் இல்லை. கடகடவென்று தட்டும் சத்தமும் இல்லை. அந்தச் சத்தம் வந்திருந்தால் உள்ளே முனை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம், உடனே நிறுத்தி விட வேண்டும். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது புண்ணைக் கீறுவதற்குச் சமம். சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை என்றால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். இரண்டு வட்டுக்கும் சாட்டா கேபிள் தனித்தனி. ஆனால் மின்சாரம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஒரே வயரில் வந்து, ஓர் இணைப்பானில் இரண்டாகப் பிரிந்தது. மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு அந்த இணைப்பானைக் கழற்றினேன். உள்ளே ஒரு முனை கருகிப் பழுப்பேறித் தளர்ந்து கிடந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே சும்மா தொங்கிய வேறு வயரில் வட்டுகளை மாட்டினேன். பயாஸில் இரண்டு பெயரும் வந்தன. செலவு ஏதுமில்லை. மறுநாளே ஆயாவின் பாட்டை ஒரு பென் டிரைவிலும் அக்காவின் கைப்பேசியிலும் ஏற்றி வைத்தோம்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்குப் பல பெட்டிகள் பார்ப்பவர். பழையதைத் தேடுவதைவிடப் புதியதைப் போடுவது அவருக்கு விரைவு. நம் ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டர் மாறுகிறதே, அதே வழக்கந்தான் அவருடையதும். ஒரு வேறுபாடு, அங்கே மாற்றும் செலவு நம் வீட்டுடையது.

ஆசிரியப் பெருமக்கள் இரண்டு மறுப்புகள் சொல்லக்கூடும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது ஒன்று. ஓம் விதியும், மின்னழுத்த அளவீடும், நிகழ்தகவும் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. வட்டின் மோட்டாருக்கு 12 வோல்ட், மின்சுற்றுக்கு 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பார்ப்பது அவற்றுக்கு வெளியே எங்கும் போவதில்லை. மற்றொன்று ஆபத்து. இது நியாயமான அச்சம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளிருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்னூட்டம் வைத்திருக்கும், ஆகவே அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மற்றபடி வயரைக் கழற்றி மாட்டுவது, கேபிளை மாற்றிப் பார்ப்பது, பயாஸைப் படிப்பது எல்லாம் நாம் இப்போது செய்யும் பரிசோதனைகளை விட ஆபத்தானவை அல்ல.

நம் கல்லூரியின் சாமான் அறையில் 'உபயோகமற்றவை' என்று பதிவேட்டில் ஏறிய கணிப்பொறிகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஏலத்துக்குப் போகுமுன் அவற்றில் நான்கை எங்களுக்குத் தரலாம். சனிக்கிழமைப் பிற்பகல்களில், ஓர் ஆசிரியர் முன்னிலையில், ஒவ்வொரு குழுவும் ஒரு பெட்டியைப் பார்க்கட்டும். பெட்டி ஓடியதா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். எதை முதலில் பார்த்தோம், அதனால் எதைத் தள்ளினோம் என்று எழுதி வைக்கும் பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள். மல்டிமீட்டர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஸ்குரூ டிரைவருக்கும் இரண்டு சாட்டா கேபிளுக்கும் ஆகும் பணத்தை எங்கள் வகுப்பே போட்டுக்கொள்ளும்.