போகிப் புகை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் தறுவாயில் சென்னையில் பனி இறங்குகிறது. அவ்விடியற்காலைகளில் தரையை அடுத்த காற்று குளிர்ந்தும், அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாயும் நிற்பதால், எழும் புகை உயரச் செல்லாது வீதியிலேயே தங்கிவிடுகிறது. இது இயற்கையின் நியதி. அந்நேரம் பார்த்துத் தீ மூட்டுவதோ நமது செய்கை.

முன்னாளில் போகியன்று எரிந்தவை கிழிந்த பாயும் பழைய ஓலையும். இக்காலத்திலோ டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 ஜனவரி 13-ந் தேதி இப்புகையும் பனியும் கூடி மீனம்பாக்கத்தில் விமானங்களையே தடுத்து நிறுத்தின. விமானம் வேறொரு நகரில் இறங்கலாம், கே.கே. நகரில் மூச்சுத் திணறும் முதியவர் எங்கே போவார்?

டில்லியை மூடும் புகைக்குப் பஞ்சாப் உழவனைக் குறை கூறுகிறோம். நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அவகாசமின்றி அவன் தாளைக் கொளுத்துகிறான். அவனுக்காவது ஒரு நெருக்கடி உண்டு, நமக்கு யாதுண்டு?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. மாநகராட்சியும் பழம்பொருள்களைப் பெற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறது. இவை நன்றே. ஆயினும் அறிக்கையால் மட்டும் புகை அடங்காது. மார்கழிக் கடைசி வாரம் முழுவதும் தெருத்தோறும் வண்டி வரவேண்டும். பழைய டயர்கள் எங்கே செல்கின்றன என்று பழுது பார்க்கும் கடைகளிடம் கணக்குக் கேட்கவேண்டும். பொதுத் தொண்டில் ஈடுபட்டோர் வீடுதோறும் சென்று எடுத்துரைக்கவேண்டும்.

பழையன கழிதல் நம் மரபு. அதை அயலார் மூச்சில் கழிப்பது மரபன்று.