செவிப்புலனும் தமிழ்த்துறையும்

எழுத்து எங்ஙனம் பிறக்கின்றது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். குர்ஆன் ஓதக் கற்போரும் மக்ரஜ் எனும் ஒலிப் பிறப்பிடங்களைப் பயில்வர். ஆயின், பிறந்த ஒலியைச் செவி எவ்வாறு பொருளாக உணர்கின்றது? இவ்வினாவுக்கு நம் தமிழ்த்துறைகள் உரிய இடம் அளிக்கவில்லை என்பதே நம் கருத்து.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருள் ஒன்றுண்டு. அதனுள் அமைந்த மென்படலத்தின் அடிப்பகுதி உயர்ந்த ஒலிகளுக்கும் நுனிப்பகுதி தாழ்ந்த ஒலிகளுக்கும் மிகுதியாக அதிரும். இதனை ஆராய்ந்த பெக்கேசி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். ஒலியலைகளை எண்ணாக்கி ஆராயும் இயலும் செவியையே பின்பற்றுகின்றது. பேச்சை மிகச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் உள்ளதெனக் கணிப்பொறி அளக்கின்றது. செவியைப் போன்றே தாழ்ந்த அலைவெண்களை நுணுக்கமாகவும் உயர்ந்தவற்றைப் பரவலாகவும் பகுக்கின்றது.

எனினும், அளத்தல் வேறு, உணர்தல் வேறு. பனவடலிசத்திரத்துக் கடையொன்றில் ஒருவர் ‘பளம்’ என்று கேட்டாலும் கடைக்காரர் பழத்தையே எடுத்துத் தருவார். ‘அவிய வாராவ’ என்றால் ‘அவர்கள் வருகிறார்கள்’ என நெல்லைச் சீமையார் அறிவர். நூல்தமிழ் மட்டுமே பயின்ற பொறியோ, ‘அவிய’ என்பதை ‘வேக’ எனக் கொண்டு மயங்கலாம். ஊரோடு பழகிய செவிக்கே ஊர்ப்பேச்சு விளங்கும்.

2022-இல் நடுவணரசின் பாஷிணி திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ ஃபார் பாரத் ஆய்வகம் 22 இந்திய மொழிகளின் பேச்சைத் திரட்டியுள்ளது. இம்முயற்சிகள் பாராட்டுக்குரியவை. ஆனால், தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்ப் பேச்சும், ‘வாப்பா’, ‘உம்மா’ என அழைக்கும் நம் இல்லங்களின் பேச்சும் போதிய அளவில் பதிவாக வேண்டாவா? எழுத்தறியா முதியவர் ஒருவர் தம் ஓய்வூதியம் குறித்துப் பொறியிடம் வினவும்போது, அது அவர் மொழியை அறியாதாயின் அவர் வாயடைத்து நிற்க நேரும்.

கொச்சையைப் பதிவதால் தமிழ் கெடாதோ எனப் பெரியோர் சிலர் ஐயுறலாம். திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடமளித்தவர் தொல்காப்பியர் என்பதே நம் விடை. வழக்கைப் பதிவது வழுவை வளர்ப்பதாகாது.

எனவே, மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் தத்தம் பாட்டியாரின் இசைவு பெற்று, அவர்தம் பேச்சை ஒரு மணி நேரமேனும் ஒலிப்பதிவு செய்க. கேட்டவாறே எழுதிப் பொருளும் குறித்துத் துறையில் சேர்ப்பிக்க. பொறியாளர் அளக்கட்டும்; பொருள் உரைக்கும் கடமை நம்முடையது. கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த நாம், கேட்கக் கற்பிக்கவும் முன்வருவோமாக!