வயிற்றில் வாயு, மனதில் வெட்கம்



சில வருடங்களுக்கு முன் எங்கள் மும்பை சபையின் சகோதரர் ஒருவர் உபவாச ஜெபத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். "முழங்காலில் நிற்கும்போது வாயு பிரிகிறது, பாஸ்டர். வெட்கமாயிருக்கிறது. ஏதேனும் அசுத்த ஆவியின் போராட்டமோ என்றும் பயப்படுகிறேன்" என்றார்.

அவருடைய ஆகாரத்தைக் கேட்டறிந்தேன். ஊரில் சோறும் குழம்பும் உண்டு வளர்ந்தவர். இங்கே மதியம் சப்பாத்தியும் ராஜ்மாவும், இரவில் சன்னா. உபவாசம் முடிந்தவுடன் பெரிய டம்ளர் நிறையப் பால். காரணம் ஆவியல்ல, ஆகாரமே.

ராஜ்மா, கொண்டைக்கடலை போன்றவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் என்சைம் மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடலை அடையும்போது அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்கின்றன; ஹைட்ரஜன், கரியமில வாயு முதலியவை உண்டாகின்றன. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றிலும் இவ்விதம் நொதிப்பவை உண்டு. வளர்ந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஆரோக்கியமுள்ளவருக்கும் நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது முறை வாயு பிரிவது இயல்பே.

ஆகையால் பருப்பு வகைகளை வெறுக்கவேண்டாம். தானியேலும் அவன் தோழரும் மரக்கறி ஆகாரத்தினால் பெலனடைந்தார்கள் அல்லவா? இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாய் வேகவையுங்கள். கொஞ்சமாய்த் தொடங்கிப் படிப்படியாய்க் கூட்டுங்கள். பால் ஒவ்வாவிடில் தயிரோ மோரோ அருந்துங்கள். அவசரமாய் விழுங்குவதையும் சோடா பானங்களையும் தவிருங்கள். அவற்றோடு காற்றும் வயிற்றிற்குள் செல்கிறது. இரண்டு வாரம் உண்பதை எழுதிவைத்தால், எது ஒவ்வவில்லை என்பது தெரியவரும்.

ஒன்றைக் கவனியுங்கள். பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களால் வியாதியஸ்தர் சுகமடைந்தார்கள். அதே பவுல், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு உணவுபானத்தைக் குறித்தே ஆலோசனை எழுதினார். அவனை அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை. ஜெபிக்கிறவன் பத்தியம் இருப்பது விசுவாசக் குறைவல்ல.

எனினும் எல்லாவற்றையும் வாயு என்று தள்ளிவிடாதிருங்கள். எடை குறைதல், மலத்தில் இரத்தம், விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையில் வலி உண்டானால் வாயு மாத்திரையைத் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மாரடைப்பை வாயு என்று எண்ணித் தாமதித்து உயிரிழந்தவர்கள் உண்டு.

அந்தச் சகோதரருக்கு வாயு முற்றிலும் நிற்கவில்லை, வெகுவாய்க் குறைந்தது. வெட்கமோ முற்றிலும் நீங்கிற்று. மறுமாத உபவாச ஜெபத்தில் முன்வரிசையில் முழங்காற்படியிட்டிருந்தார். உங்கள் அருகில் ஒருவர் வயிறு இரைந்தால் சிரியாதிருங்கள். அவர் ஜெபிக்க வந்தவர்.

கர்த்தர் உங்கள் ஆவி, ஆத்துமா, சரீரம் யாவையும் காப்பாராக. ஆமென்.