சிவகாசிப் பாடம் கப்பலிலும்!

பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் இரும்புச் சாமானைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பித்தளை, மரம் இவைதான். இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதே பயம் கப்பல்காரர்களுக்கும் உண்டு.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கப்பலைப் பாருங்கள். சுமை குறையக் குறையக் கப்பல் மேலே எழும்பும். காலியாகவே கிளம்பினால் நடுக்கடலில் தள்ளாடும். அதனால் அடியிலும் பக்கங்களிலும் உள்ள தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது. இதுதான் பேலஸ்ட் நீர். பெரிய கப்பலில் பல்லாயிரம் டன் ஏறும். எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமோ, அதன் வால்வைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் கூடிப்போனால் கப்பல் சாயும்.

பல கப்பல்களில் இந்த வால்வுகள் தொட்டிக்குள்ளேயே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். ஆள் இறங்கித் திருக முடியாது. எண்ணெய்க் கப்பல் என்றால் பக்கத்திலேயே தீப்பற்றும் ஆவி. மின்மோட்டார் வைக்கத் தயங்குவார்கள். அங்கேதான் ஹைட்ராலிக் கைகொடுக்கிறது. ஜேசிபியின் கையைத் தூக்குகிற அதே வித்தை! கட்டுப்பாட்டு அறையில் பொத்தானை அழுத்தினால், மெல்லிய குழாய் வழியே எண்ணெய் அழுத்தத்தோடு பாய்ந்து வால்வின் தட்டைத் திருப்பும். மின்சாரம் பத்திரமான அறையோடு சரி. அது போனாலும், கையால் அடிக்கிற பம்பை வைத்து வால்வைத் திருப்பலாம்.

ஆனால், அந்தக் கைவேலை தெரிந்த ஆள் வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 1982 பிப்ரவரி 15 அதிகாலையில் கவிழ்ந்தது ‘ஓஷன் ரேஞ்சர்’ என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மிதவை மேடை. அதுவும் பேலஸ்ட் தொட்டிகளை நம்பி மிதந்ததுதான். அதன் வால்வுகளை இயக்கியது எண்ணெய்க்குப் பதில் அழுத்தக் காற்று. புயலில் கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் கண்ணாடி உடைந்து, மின்பலகையில் உப்புநீர் பட்டது. ஊழியர்கள் பித்தளைக் கம்பிகளைச் செருகி வால்வுகளைக் கையால் இயக்கப் பார்த்தார்கள். மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டார்கள் என்றும், போதிய பயிற்சி அவர்களுக்கு இல்லை என்றும் விசாரணை ஆணையம் சொன்னது. இருந்த 84 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கையில் பித்தளை இருந்தது. எந்தப் பக்கம் மூடும், எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2012-ல் முதலிப்பட்டி விபத்தைக் கண்ட மாவட்டம் விருதுநகர். கப்பலோ, பட்டாசு ஆலையோ, வீட்டுப் பிள்ளை வேலைக்குச் சேரும்போது ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்கிறோம். ‘பயிற்சி எத்தனை நாள்?’ என்றும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.