உண்மையைச் சொன்னது அந்த இளைஞன். மறைத்தது அரசு எந்திரம்!

தோழர்களே,

தலைவர் பிறந்தநாளா, நினைவு நாளா, உடனே ரத்ததான முகாம். பேனர் கட்டுறோம், படுத்துக்கிட்டே போட்டோ எடுக்குறோம், ஜூஸ் குடிச்சிட்டு கிளம்புறோம். நம்ம கட்சி உட்பட எல்லாக் கட்சியும் இதைத்தான் செய்யுது. நல்ல காரியம், தொடர்ந்து செய்வோம். ஆனா நாம கொடுத்த அந்தப் பை அப்புறம் எங்கே போச்சு, யார் சோதிச்சாங்க, முடிவு என்ன ஆச்சுன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா?

கேட்காததோட விலை சாத்தூருக்குத் தெரியும்.

2018 டிசம்பர். ரத்தசோகைக்காக சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தில் எச்ஐவி இருந்தது. கொடுத்தது ஓர் இளைஞர். பிரசவத்துக்குக் காத்திருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்கு உதவ நினைச்சு, சிவகாசி அரசு ரத்த வங்கியில் கொடுத்த ரத்தம் அது.

இந்த விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? அரசோட எந்தச் சோதனையும் கண்டுபிடிக்கலை. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்துல அவருக்கே தெரிஞ்சது. பதறிப்போய், 'நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க'ன்னு அவரே தேடிப்போய்ச் சொன்னார். அதுக்குள்ள ஏத்தியாச்சு.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. அதே இளைஞர் 2016லயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்பவே சோதனையில் எச்ஐவி தெரிஞ்சிருக்கு. பதிவேட்டில் இருந்த அந்தச் செய்தி அவர் காதுக்கு மட்டும் போகவே இல்லை. சொல்லியிருந்தா அவருக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சிகிச்சை கிடைச்சிருக்கும். அந்தப் பெண்ணுக்கும் இந்த கதி வந்திருக்காது.

மனம் உடைஞ்சுபோன அந்த இளைஞர், தற்கொலைக்கு முயன்று, 2018 டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்துபோனார். இந்தச் சங்கிலியில் நேர்மையா நடந்துக்கிட்ட ஒரே ஆள் அவர்தான்.

அரசு என்ன செஞ்சது? லேப் டெக்னீஷியன்கள் மேல நடவடிக்கைன்னு அறிவிச்சது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019ல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கோப்பு மூடப்பட்டது.

தவறு செய்தவர் தண்டிக்கப்படணும், மாற்றுக் கருத்து இல்லை. ஆனா 2016ல் வந்த முடிவு 2018ல் அதே ஆள் கை நீட்டும்போது ஏன் திரையில் வரலை? இதுக்கு ஒரு டெக்னீஷியன் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்? தனி ஆள் தப்பு பண்ணினாலும் பை வெளியே போகாதபடி தடுக்குற ஏற்பாட்டுக்குப் பேர்தான் நிர்வாகம்.

'அது பழைய கதை'ன்னு சொல்றவங்களுக்கு: 2025 அக்டோபரில் ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவில், தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த தலசீமியா குழந்தைகள் ஐந்து பேருக்கு எச்ஐவி இருப்பது தெரிய வந்தது. அங்கேயும் அதே காட்சிதான்: சஸ்பெண்ட், நிவாரணம், மௌனம். 2014 அக்டோபர் முதல் 2016 மார்ச் வரை மட்டும், ரத்தம் ஏற்றியதால் தங்களுக்கு எச்ஐவி வந்ததாக நாடு முழுக்க 2,234 பேர் தெரிவிச்சிருக்காங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே கொடுத்த கணக்கு இது.

சட்டப்படி ஒவ்வொரு பையிலும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதனை கட்டாயம். ஆனா வழக்கமான சோதனை, உடம்பு கிருமிக்கு எதிரா உண்டாக்குற பொருளைத்தான் பெரும்பாலும் தேடும். அது உருவாக எச்ஐவி தொற்றில் சுமார் மூணு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் கொடுத்த ரத்தம் 'சுத்தம்'னு வந்துடும். கிருமியோட மரபணுவையே நேரடியா தேடுற 'நாட்' சோதனை, இந்த இடைவெளியை பத்து, பன்னிரண்டு நாளாகக் குறைக்கும். ஆபத்தை முழுசா ஒழிக்காது, ஆனா பெருமளவு குறைக்கும். அந்தச் சோதனை கட்டாயப் பட்டியலில் இல்லை!

கேட்டா 'செலவு அதிகம்'னு சொல்றாங்க. ஒவ்வொரு ரத்த வங்கியிலும் கருவி வாங்கத் தேவையில்லையே! பல மாவட்டத்து மாதிரிகளை ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து சோதிக்கலாம். காசு இருக்கிறவங்க தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி நாட் சோதிச்ச ரத்தம் வாங்கிக்கிறாங்க. அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருக்கிற ஏழைத் தாய்க்கு மட்டும் 'செலவு அதிகம்' ஆயிடுதா?

நமது கோரிக்கைகள்:

🔴 எல்லா அரசு ரத்த வங்கி ரத்தத்துக்கும் நாட் சோதனையைக் கட்டாயமாக்கு!

🔴 தொற்று உள்ள கொடையாளரை ரகசியம் காத்து நேரில் அழைத்து, ஆலோசனை தந்து, அன்றே சிகிச்சை மையத்தில் சேர்!

🔴 ரத்த வங்கிப் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணை! ஓரிடத்தில் நிராகரித்த ரத்தம் இன்னோரிடத்தில் நுழையக் கூடாது!

🔴 ரத்த வங்கிகளில் ஒப்பந்த ஊழியர் முறையை ஒழி! நிரந்தரப் பணியாளரை நியமி!

அரசைக் கேட்கிற நாம, நம்ம பங்கையும் செய்யணும். அடுத்த முகாமில் படிவத்தைக் கூட்டத்துல நின்னு அவசரமா நிரப்பாதீங்க. தனியா உட்கார்ந்து நிரப்ப இடம் ஒதுக்குங்க. பக்கத்துல கட்சிக்காரர் எட்டிப் பார்த்தா யார் உண்மையை எழுதுவாங்க? சோதனையில் குறை இருந்தால் தெரிவிக்கலாமா என்ற கேள்விக்கு 'ஆம்' போடுங்க. சரியான முகவரியும் செல் நம்பரும் எழுதுங்க. உங்களுக்கே சந்தேகம் இருந்தா, எண்ணிக்கைக்காகக் கொடுக்காதீங்க. கொடுக்காம திரும்புற தோழரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. 100 யூனிட்னு பேனர் போடுறதைவிட, பாதுகாப்பான 60 யூனிட் பெரிசு.

எச்ஐவி இருக்கிறவர் குற்றவாளி இல்லை. அவருக்கே தெரியாம வச்சிருந்த நிர்வாகம்தான் குற்றவாளி.

ரத்தம் கொடுப்போம்! கணக்கும் கேட்போம்!

பகிருங்கள் தோழர்களே ✊

#பாதுகாப்பான_ரத்தம்_மக்கள்_உரிமை
#நாட்_சோதனையைக்_கட்டாயமாக்கு