குறி தவறியது யாரால்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு கதவு சண்டித்தனம் செய்யும், இல்லையா? எங்கள் வீட்டில் அது சமையலறைக் கதவு. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. தை மாதத்து வெயில் பட்டதும் சுருங்கித் தானே வழிக்கு வருகிறது. நமக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. கதவுக்கு ஓர் உதை கொடுத்தால் தீர்ந்தது. இதே சங்கதி ஒரு சிப்பாயின் உயிருக்கு உலை வைத்தால்?

வியட்நாம் யுத்தத்தின்போது, 1966-ல், அமெரிக்க மரைன் படை மறைந்திருந்து சுடும் வீரர்களுக்கென்று எம்-40 என்ற ரைபிளைத் தேர்ந்தெடுத்தது. நல்ல குழல், நல்ல தூரநோக்கி, அக்ரூட் மரத்தில் செய்த அழகான கட்டை. ஆனால் காட்டு மழையும் புழுக்கமும் பட்டதும் கட்டை உப்பி, முறுக்கிக்கொண்டு, குழலைப் போய் இடித்தது. சரிபார்த்து வைத்த குறி விலகிவிட்டது. சுட்டவன் கை நடுங்கவில்லை, கண் மங்கவில்லை. ஆனாலும் குண்டு வேறு இடத்துக்குப் போயிற்று! ஒளிந்திருப்பவனுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் எங்கே? முதல் வெடியே அவன் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுமே!

இரும்புக் குழல் அசையாது என்றுதானே நினைக்கிறோம்? வெடிக்கும் கணத்தில் அது மீட்டிய வீணைத் தந்திபோல அதிர்கிறது. அதிர்வு எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் குண்டும் ஒரே இடத்தை நாடும். மரம் தொட்டால் அதிர்வு மாறிவிடும். போதாக்குறைக்கு, வெடித்ததும் ரைபிள் பின்னால் உதைக்கிறது. அந்த உதையை மரத்தின்மேல் இறக்க, அடியில் ஒரு சின்ன இரும்பு முளை இருக்கிறது. அதன் பின்னால் மயிரிழை சந்து இருந்தாலும், இரும்பு வெடிக்கு வெடி இடம் மாறி உட்காரும். இங்கே மயிரிழை, நூறு கஜத்துக்கு அப்பால் அங்குலக் கணக்கு! ஒலிம்பிக் ரைபிள் பந்தயத்தில் 50 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வாங்கித் தரும் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு சட்டைப் பொத்தான் அளவு!

இதற்குப் பரிகாரம், துப்பாக்கிக்குப் படுக்கை போடுவது. வேடிக்கை அல்ல, ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இலவம் பஞ்சு மெத்தை இல்லை. கல்லாக இறுகும் எபாக்ஸி பசை.

இரும்பு உட்காரும் பள்ளத்தில் மரத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் பசையை நிரப்புகிறார்கள். மைசூர்பாகு கொட்டுமுன் தட்டில் நெய் தடவுகிறீர்கள் அல்லவா? அதே மாதிரி இரும்பின்மேல் முதலில் மெழுகு தடவவேண்டும். மறந்தால் மைசூர்பாகாவது உடைத்துத் தின்ன உதவும். துப்பாக்கி கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கொள்ளும்! முளையின் முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் நாடா ஒட்டிவிடுவார்கள். பிற்பாடு அதை உரித்ததும், பின்புறம் மட்டும் பசையில் கெட்டியாக முட்டி நிற்கும். பிறகு இரும்பை அதில் அமர்த்தி ஒரு நாள் பொறுத்துத் தூக்கினால், இரும்பின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். குழல் மட்டும் எதையும் தொடாமல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் தடங்கலில்லாமல் ஓடவேண்டும்.

படுக்கை சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு திருகாணியைத் தளர்த்தவேண்டும். குழல் துள்ளினால், இரும்பு இத்தனை நாளும் வளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம்!

மரைன் படையும் கடைசியில் மரத்தைக் கைவிட்டது. 1970-களில் வந்த எம்-40ஏ1 ரைபிளுக்குக் கண்ணாடி நார்க் கட்டை. அதற்குள் எபாக்ஸிப் படுக்கை. மழைக்கு உப்பாத கட்டை!

குறி தவறினால் சுட்டவனைத்தான் முதலில் குறை சொல்லத் தோன்றுகிறது. அவன் கையில் இருப்பது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? உங்கள் பையன் கையெழுத்து கோணலாக இருக்கிறதா? திட்டுமுன் அவன் எழுதும் மேஜையைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள்!