பாட்டு நின்னா பவர் ஸ்டேஷனைத் திட்டாதீங்க

ஹால்ல பாடிக்கிட்டு இருந்த பாட்டு சட்டுனு நிக்குது. பத்து செகண்ட் கழிச்சு மறுபடி வருது. நண்பர் ஒருத்தர்கிட்ட புலம்பினா, யோசிக்காம ஒரே பதில்: "நெய்வேலியில இருக்கீங்க இல்ல, பக்கத்துலயே பவர் ஸ்டேஷன், கரண்ட்ல நாய்ஸ் இருக்காதா பின்ன?"

இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்லை. பல்பு ப்யூஸ் போனா பவர் ஸ்டேஷன், டிவியில புள்ளி விழுந்தா பவர் ஸ்டேஷன். ஆனா கரண்ட் அங்கேருந்து நேரா நம்ம ப்ளக்குக்கு வர்றதில்லைங்க. 1470 மெகாவாட் இரண்டாம் அனல்மின் நிலையம் ஆகட்டும், 1000 மெகாவாட் புது நிலையம் ஆகட்டும், எல்லாம் உயர் அழுத்த லைன்ல கிரிட்டுக்குப் போகுது. 2013 டிசம்பர் 31லேர்ந்து தென்னக கிரிட்டும் வடக்கோட இணைஞ்சிடுச்சு, காஷ்மீர்ல இருக்கறவனுக்கும் எனக்கும் ஒரே 50 ஹெர்ட்ஸ்தான். அது படிப்படியா டிரான்ஸ்பார்மர்கள்ல இறங்கித்தான் வீட்டுக்கு வருது. மெகாஹெர்ட்ஸ் கணக்குல இருக்கற குப்பை அத்தனை டிரான்ஸ்பார்மரையும் தாண்டி வந்து என் பாட்டை நிறுத்தறது நடக்கற காரியம் இல்லை. குப்பை நம்ம வீட்டுக்குள்ளயே பொறக்குது. அதான் இந்தப் பதிவு.

மொதல்ல நம்ம செட்டப். ஒரு காலத்துல ஸ்க்வீஸ்பாக்ஸ்னு ஒரு பெட்டி வந்தது, ஞாபகம் இருக்கா? ஸ்லிம் டிவைசஸ் பண்ணினது, 2006ல லாஜிடெக் வாங்கிடுச்சு, 2012ல மூடு விழா. பெட்டி போயிடுச்சே தவிர அதோட சர்வர் சாப்ட்வேரை ஆர்வலர்கள் விடலை. இப்ப அதுக்குப் பேரு லிரியான் மியூசிக் சர்வர். பழைய லேப்டாப்ல அது ஓடுது, ஹால்ல ஒரு ராஸ்பெர்ரி பையில பைகோர்ப்ளேயர், அதுக்கு மேல ஒரு டாக் கார்டு, அங்கேருந்து ஆம்ப்ளிபயர். ரவுட்டர் முன் ரூம்ல. நடுவுல குவார்ட்டர்ஸ் செங்கல் சுவர், வைஃபை திணறுது. அதனால பவர்லைன் அடாப்டர் ஜோடி வாங்கினேன். கரண்ட் ஒயர்லயே நெட்வொர்க் போகும், ஒயர் இழுக்க வேண்டாம். பெட்டியில 200 எம்பிபிஎஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது.

அப்புறம்தான் சாயங்காலம் ஆனா பாட்டு நிக்க ஆரம்பிச்சது.

நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதுதான். "கோளாறு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம். கோளாறு எப்படிக் கேக்குதுன்னு காது குடுத்துக் கேட்டாலே பாதி விடை வந்துடும். பாட்டு முழுசா நின்னு, அமைதியாகி, திரும்ப வந்தா அது நெட்வொர்க். ஏன்னா இந்த ப்ளேயர்கள் பாட்டை முன்னாடியே வாங்கி வெச்சுக்கும். ஸ்க்வீஸ்லைட்ல சாதாரண செட்டிங்ல பிரிச்ச பாட்டே சுமார் பத்து செகண்டுக்கு இருக்கும், அதுக்கு முன்னாடி ரெண்டு எம்பி பிரிக்காம காத்துக்கிட்டு இருக்கும். ஒயர்ல டேட்டா கெட்டுப்போனா மறுபடி கேட்டு வாங்கிக்கும். கரண்ட் நாய்ஸ் டேட்டாவுக்குள்ள நுழைஞ்சு வயலினைக் கரகரப்பாக்கிடும்ங்கறது சும்மா கதை. அப்படிச் சொல்லி எட்டாயிரத்துக்கு "ஆடியோபைல்" பவர் கார்டு விக்கறவங்க வாசல் பக்கமே போகாதீங்க.

பாட்டு நிக்காம ஊடால 'டிக்'னு ஒரு சத்தம், இல்ல அடியில 'ர்ர்ர்'னு ஒரு ரீங்காரம், இதுக்கெல்லாம் நெட்வொர்க்கைத் தோண்டி பிரயோஜனமே இல்லை. அது டாக்குக்கு அப்புறம் அனலாக் பக்கம், இல்லேன்னா அடாப்டர். இதுக்கு காசில்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ராஸ்பெர்ரி பைக்கு மொபைல் பவர் பேங்க்லேர்ந்து கரண்ட் குடுங்க. ரீங்காரம் போயிடுச்சா? அடாப்டர்தான் குற்றவாளி. போகலையா? ஆம்ப்ளிபயர் பக்கம் பாருங்க, கேபிள் டிவி ஒயர் அதோட கோர்த்திருந்தா கழட்டிப் பாருங்க. எங்க வீட்டு 'டிக்'குக்குக் காரணம் ஒரு ஓட்டை மொபைல் சார்ஜரும் மெல்லிசு ஒயரும். பைக்கு அஞ்சு வோல்ட் வேணும், 4.63க்குக் கீழ போனா அதுவே முனக ஆரம்பிச்சுடும். சார்ஜரை மாத்தினேன், டிக் போச்சு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். ரீங்காரம் போகணும்னு மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை ஒடிச்சு விடற வைத்தியம் நம்ம ஊர்ல ரொம்ப பிரபலம். சத்தம் நிஜமாவே போகும். ஆம்ப்ளிபயர் உள்ள ஏதாவது கசிஞ்சா ஆளும் போயிடுவோம். வேண்டாம்.

சரி, நிக்கற பாட்டு விஷயத்துக்கு வர்றேன். சிடி தரத்துல ஒரு ஃப்ளாக் பாட்டுக்கு செகண்டுக்கு ஒரு மெகாபிட் இருந்தாலே போதும். 200ல பத்துல ஒரு பங்கு வந்தாக்கூட தாராளம். அப்ப ஸ்பீடு பிரச்சினை இல்லை, நடுவுல இணைப்பே அறுந்து போகுது. சாயங்காலம் மட்டும் ஏன்? ஒவ்வொரு ஸ்விட்ச்சா அணைச்சுப் பார்த்ததுல மாட்டினது ஹால் ஃபேன். ஃபேன் இல்லைங்க, ரெகுலேட்டர். பழைய காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருக்கே, கை வெச்சா சுடும், கரண்ட் வேஸ்ட். ஆனா சத்தம் போடாத சாது. அதைக் கழட்டிட்டு நான் ஆசையா மாட்டின வழவழன்னு திரும்பற ரெகுலேட்டர் டிரையாக் ரகம். அது கரண்ட் அலையைச் செகண்டுக்கு நூறு தடவை கத்தரியால வெட்டுது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒயர்ல ஒரு வெடி. ஃபுல் ஸ்பீடுல கம்மி, ரெண்டாம் நம்பர்ல வெச்சா தீபாவளி. சாயங்காலம் காத்து வரும், ஃபேனைக் குறைப்போம், பாட்டு நிக்கும்! இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. படிப்படியா 'டக் டக்'னு திரும்பற கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாட்டினேன். முக்கால்வாசி சரியாச்சு.

மீதிக் கால்வாசி என் புத்திசாலித்தனம். அடாப்டர் பாவமேன்னு ஸ்பைக் கார்டுல சொருகி வெச்சிருந்தேன். ஸ்பைக் கார்டோட வேலையே ஒயர்ல வர்ற அதிவேக சிக்னலை முழுங்கறது. நம்ம நெட்வொர்க்கும் அதுக்குக் குப்பைதான். நேரா சுவர் ப்ளக்ல சொருகினேன். பாட்டு ஆறு போல ஓடுச்சு.

இதோட பதிவு முடிஞ்சிருக்கணும். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். நம்ம சுவரும் அவங்க சுவரும் ஒண்ணு. பையனோட வந்து தங்கியிருக்கார், எண்பது வயசு. அந்தக் காலத்து சிற்றலை ஆளு. வானொலி நிலையங்களுக்கு ரிப்போர்ட் எழுதி அட்டை வாங்கிச் சேர்த்தவர், இன்னமும் ராத்திரி ரேடியோவை வெச்சுக்கிட்டு 31 மீட்டர், 41 மீட்டர்னு துழாவுவார். கையில ஒரு நோட்டு.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு மாசமா ரேடியோல ஒரே இரைச்சல். பேட்டரியில வெச்சாலும் இருக்கு. நேரம் குறிச்சு வெச்சேன். நீங்க பாட்டு போடற நேரமும் இதுவும் ஒண்ணா இருக்கு."

பார்த்தேன். தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் அச்சடிச்ச மாதிரி. என் அடாப்டர் பேசறது கிட்டத்தட்ட 2லேர்ந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். சிற்றலை மொத்தமும் அதுக்குள்ள. ஹாம் ரேடியோ அலைவரிசைகளுக்கு மட்டும் அடாப்டர்கள்ல பள்ளம் விட்டு வெச்சிருப்பாங்க, மத்தபடி ரேடியோ கேக்கறவன் பாடு அவ்வளவுதான். சுவருக்குள்ள ஓடற ஒயர் பூரா ஆண்டெனா. அணைச்சேன், அவர் ரேடியோல குரல் தெளிவா வந்துச்சு. போட்டேன், இரைச்சல்.

ஃபேன் ரெகுலேட்டர் என் பாட்டைக் கெடுக்குதுன்னு மூணு வாரம் கொதிச்சேன். நான் அவருக்கு ரெண்டு மாசமா அதே வேலையைப் பண்ணியிருக்கேன், அவர் சத்தமே போடாம நோட்டுல எழுதிக்கிட்டு இருந்திருக்கார். "எத்தனை பேர் சிற்றலை கேக்கறாங்க இந்தக் காலத்துல?"ன்னு நீங்க கேக்கலாம், நானும் ஒரு நிமிஷம் நினைச்சேன், பொய் சொல்லலை. ஆனா எண்ணிக்கை பார்த்தா, ராஸ்பெர்ரி பையில ஃப்ளாக் கேக்கறவனும் இந்த வட்டத்துல நான் ஒருத்தன்தான்.

அதனால என் கட்சி இப்ப இதுதான்: பாட்டுக்குப் பவர்லைன் அடாப்டர் கடைசி வழி, முதல் வழி இல்லை. சோம்பேறித்தனம் பார்க்காம லேன் கேபிள் இழுங்க. மெயின் பஜார்ல கேபிள் வாங்கி, கதவு நிலை ஓரமா பதினெட்டு மீட்டர், நானும் பையனும் ஒரு மதியம். அடாப்டர் விலையில பாதி கூட ஆகலை. சாதாரண கேபிளே போதும், ஷீல்டு போட்டது வாங்கி ரெண்டு பெட்டியோட எர்த்தையும் கோர்த்து புது ரீங்காரம் வரவழைக்காதீங்க.

அடாப்டர் ஜோடி பரண்ல இருக்கு. யாருக்காவது வேணும்னா தர்றேன், பக்கத்து வீட்டுல ரேடியோ இல்லைன்னு விசாரிச்சுட்டு வாங்க.

பி.கு: பெரியவர் நேத்து வந்தார். இரைச்சல் போயிடுச்சாம், ஆனா இன்னும் ஒரு 'ர்ர்ர்' மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல வருதாம். நோட்டைப் பார்த்தோம். அவர் பையன் ரூம் ஃபேன்.